ஆடும் வள்ளத்தில் மூன்றாவது கை

தூத்துக்குடி பழைய துறைமுகப் பக்கம் பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா அன்பர்கள் நாலு பேர் கூடிவிட்டால், மீன் ஏலக்காரர் குரல் எடுபடாது.

லைக்கா எம்3 வைத்திருப்பவர் பெருமூச்சோடுதான் தொடங்குவார். 1954-இல் வந்தது, கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராதாம். வாஸ்தவம், வைக்கவும் முடியாது. பிலிம் மாற்ற அடித்தகட்டைக் கழற்ற வேண்டும். ஆடும் வள்ளத்தில் அதைப் பல்லில்தான் கவ்வ வேண்டும். மற்றவர்கள் பேசுவது அப்போதுதான்.

சோவியத் சோர்க்கி-4காரருக்கு விலையில் பெருமை. ஷட்டரை ஏற்றிவிட்டுத்தான் வேகத்தைத் திருப்ப வேண்டும்; அவசரப்பட்டால் உள்ளே கோளாறு. கீவ்-4காரர் பாடு இன்னும் மோசம். இயல்பாகப் பிடித்தால் வலக்கை விரல் ஃபோகஸ் ஜன்னலை மறைக்கும். பரத முத்திரைபோல விரலை மடக்கி அவர் தயாராவதற்குள் சங்கு குளிப்பவர் முங்கி எழுந்து, கரையேறி, டீயும் குடித்துவிடுவார். யாஷிகா எலக்ட்ரோ 35-க்கு அந்தக் காலத்துப் பாதரச பேட்டரி. இன்று கடையில் கேட்டால் நம்மைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

லென்ஸ் மூடியைக் கழற்றாவிட்டாலும் காட்சி பளிச்சென்று தெரிவது மட்டும் எல்லாருக்கும் பொது. சமத்துவம்!

1950 ஏப்ரலில் ரமணரின் இறுதி நாட்களைத் திருவண்ணாமலையில் படமெடுத்தார் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன். அக்கால லைக்காவில் ஃபோகஸ் பார்க்க ஒரு துவாரம், காட்சிக்கு இன்னொன்று. இதை எடுத்துச் சொன்னால் நம்மவர்கள் உடனே கேட்பது: “என்ன லென்ஸ்?”

இதற்கிடையே உப்புக் காற்றின் ஈரத்தில் நாலு லென்ஸிலும் பூஞ்சை. இப்போதைய சர்ச்சை, எந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலம் கைக்கு அடக்கம் என்பது.