ஒரு தரம், ரெண்டு தரம்

அமெரிக்காவின் மேரிலாந்தில், மே மாதத்தின் முதல் வார இறுதியில் ஆட்டுக்கும் கம்பளிக்கும் பெரிய திருவிழா. அங்கே பழைய சாமான் ஏலமும் உண்டு. ஆடு வளர்த்துச் சலித்தவர் விற்பார். ஆடு வளர்க்கும் ஆசை போன வாரம்தான் வந்தவர் வாங்குவார். முன்னவர் ஏன் விட்டார் என்று பின்னவர் கேட்பதே இல்லை. கேட்டால் ஏலம் எப்படி நடக்கும்?

ரோமம் கத்தரிக்கும் மெஷினா? "சூப்பரா ஓடும்." எவ்வளவு நேரம் என்பது வீட்டுக்குப் போனதும் தெரியும். குளம்பு வெட்டும் கத்தரி வாங்கினால், கிருமிநாசினியில் முக்கி எடுக்காத பட்சத்தில், குளம்பழுகல் நோய் இலவச இணைப்பு. பழைய தறியின் இடுக்கில் அந்துப்பூச்சி குடித்தனம் நடத்தினால் அதற்கும் தனிக்கட்டணம் கிடையாது. இந்த விஷயத்தில் விற்பவர்கள் கர்ணனுக்குச் சொந்தக்காரர்கள்.

ஏலக்காரர் மூச்சு விடாமல் விலையை ஏற்றுகிறார். பொருளின் மதிப்பு தெரிந்து யாரும் கை தூக்குவதாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருப்பவர் தூக்கிவிட்டாரே, அது போதும். இப்படித்தான் புதுச் சாமான் விலையைத் தாண்டிப் பழைய சாமான் போகிறது. தீவனத் தொட்டியை மல்லுக்கட்டி வென்றவரிடம் எத்தனை ஆடு வைத்திருக்கிறீர்கள் என்றால், "இனிமேல்தான் பார்க்கணும்" என்கிறார்.