பத்தரை மணி வள்ளல்

சிறுசேரி சிப்காட்டில் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக இரவும் பகலும் ஓடும் புகார்ப் பதிவு மென்பொருள் ஒன்றுக்கு நேரக் கணக்கு எழுதிய பெருமகனாரே, உம்மைப் பாராட்டாமல் இருக்க மனம் வரவில்லை. உலகமே தலையைப் பிய்த்துக்கொள்ளும் விஷயத்தை ஒரே வரியில் முடித்துவிட்டீர்: நியூயார்க் மணியோடு பத்தரையைக் கூட்டு, சென்னை மணி வந்துவிடும்.

உமக்கு முன்னால் இருந்தவர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் வாய்க்கவில்லை. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் கோல்டிங்ஹாம் என்பவர் வானத்தைப் பார்த்துப் பார்த்து, மதராஸ் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் சொச்சம் முந்தியிருக்கிறது என்று 1802-இல் கணக்கிட்டார். சொச்சமான நொடிகளைக்கூட விடவில்லை, பாவம். ரயில்வே அந்த மதராஸ் நேரத்தைத்தான் நம்பி ஓடியது. 1906 ஜனவரி 1-இல் ஐந்தரை மணி இந்திய நேரம் வந்த பிறகும் கல்கத்தா 1948 வரை, பம்பாய் 1955 வரை தத்தம் நேரத்தை விடவில்லை. எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்காமல் மணி சொல்ல முடியாத காலம் அது. அந்தக் கேள்வியையே ஒழித்துக்கட்டிய புண்ணியவான் நீர்.

அமெரிக்கர்கள் மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைக்கிறார்கள். அந்த மாதங்களில் இடைவெளி ஒன்பதரை மணிதான். அயல்நாட்டுச் சட்டத்துக்கெல்லாம் அசைந்துகொடுப்பவரா நீர்? அங்கே காலை 9 மணிக்குக் கூட்டம் என்றால் நமக்கு மாலை 6:30. உம் மென்பொருள் 7:30 என்று அழைப்பு அனுப்புகிறது. பிள்ளைகள் நாவலூர் டீக்கடையில் நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு, கூட்டம் கலையும் வேளைக்கு வந்து சேர்கிறார்கள். ஓ.எம்.ஆர். நெரிசலில் இப்படி ஓய்வு தரும் வள்ளல் வேறு யார்?

உம் கைவண்ணம் முழுதாகத் துலங்குவது கடிகாரம் மாறும் அந்த இரண்டு ஞாயிறுகளில். புகார் வந்த நேரம், தீர்ந்த நேரம் இரண்டையும் நியூயார்க் சுவர்க்கடிகாரம் காட்டுகிறபடியே குறிக்கச் செய்தீர். நவம்பரில் அதிகாலை 2 மணி மறுபடி 1 மணி ஆகிறது. 1:50-க்கு வந்த புகார் இருபதே நிமிடத்தில் தீர, முடிந்த நேரம் 1:10 என்று பதிவாகிறது. புகார் வருவதற்கு 40 நிமிடம் முன்பே தீர்வு! முனிவர்களுக்கும் கிட்டாத ஞானதிருஷ்டி.

மார்ச்சில் 1:59-க்கு அடுத்த நிமிடம் 3 மணி. அன்று 1:50-க்கு ஒரு புகார் வந்தது. இங்கே ஞாயிறு பகல் 12:20. விடுமுறை நாளில் ஷிஃப்டுக்கு வந்திருந்த பெண் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த கையோடு மூடிவைத்துவிட்டு உட்கார்ந்தார். 12:40-க்குச் சரிசெய்து முடித்தார். உம் கணக்கில் அது 1:50 முதல் 3:10 வரை, ஆக 80 நிமிடம். ஒரு மணிக் கெடு தாண்டியதாகச் சிவப்பு எழுத்து. மாத மதிப்பீட்டில் அவர் பெயருக்கு நேரே ஒரு கறை. இருபது நிமிட உழைப்பை நாலு மடங்காக்கிக் காட்டிய உம் பெருந்தன்மையை என்ன சொல்ல! அவர் விளக்கப்போனபோது, "சிஸ்டம் அப்படித்தாம்மா காட்டுது" என்று அனுப்பிவிட்டார்கள். உம்மீது அவ்வளவு பக்தி.

உம் மென்பொருளில் கொழும்புக்கு என்றைக்கும் ஐந்தரை மணி. எவ்வளவு நிம்மதி! 1996-இல் மின்தட்டுப்பாட்டால் இலங்கை மே மாதம் ஆறரைக்குப் போனது, அக்டோபரில் ஆறுக்கு இறங்கியது, 2006 ஏப்ரல் 15-இல்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய ஐந்தரையே ஓடியது. ஒரே தீவில் இரண்டு மணி பார்த்து வாழ்ந்த மக்களின் பத்தாண்டுத் தொல்லையை ஒரே வரியில் துடைத்துவிட்டீர். அந்த ஆண்டுகளின் பழைய பதிவுகள் அரை மணி, ஒரு மணி தள்ளி நிற்பதெல்லாம் ஒரு பொருட்டா?

உம் தன்மானத்தையும் சொல்லியாக வேண்டும். ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கி, பால் எகர்ட் பராமரிக்கும் நேர மண்டலத் தரவுத்தளம் இலவசமாகக் கிடைக்கிறது. நம் கைப்பேசிகளுக்குள்ளும் அதுதான் இருக்கிறது. எந்த நாடு எந்த நாளில் கடிகாரத்தை மாற்றியது என்று வரிவரியாக அதில் உண்டு. கொழும்பின் அந்தப் பத்தாண்டும் உண்டு. நடந்து முடிந்ததை உலகப் பொது நேரமான யூ.டி.சி.யில் குறித்து, இனி நடக்க வேண்டியதை உள்ளூர் மணியோடு 'அமெரிக்கா/நியூயார்க்' என்று ஊர்ப்பெயரும் சேர்த்து எழுதிவைத்தால், நாளை அரசு விதியை மாற்றினாலும் கணக்கு பிசகாது. ஓசியில் வரும் அந்த உதவிக்குக் கை நீட்டாதவர் நீர். பத்தரை என்ற உமது சொந்தச் சம்பாத்தியமே உமக்குப் போதும்.

வருகிற மார்ச் இரண்டாம் ஞாயிறும் யாரோ ஒரு பெண் பகல் ஷிஃப்டுக்கு வருவார். அவர் எவ்வளவு விரைந்து முடித்தாலும், செய்யாத தாமதத்தில் ஒரு மணி நேரத்தை அவர் பெயரில் எழுத உம் சுவர்க்கடிகாரக் கணக்கு தயாராக இருக்கிறது.