கைசன் கணவர்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, கம்பெனி பஸ் நிற்கிற ஊரிலெல்லாம் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். குவாலிட்டி டிபார்ட்மெண்டில் பல வருஷ சர்வீஸ். கழுத்தில் ஐ.டி. கார்டு, மனசில் ஜப்பானின் 'கைசன்', அதாவது ஓயாத சீர்திருத்தம். ஏ ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, வல்லக்கோட்டை முருகன் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நேரே வீட்டுக்கு வருவார். கை கால் கழுவுவதெல்லாம் அப்புறம்தான். முதலில் அடுப்படி ஆடிட்.

சிலிண்டரைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும். டப்பாவுக்கு டப்பா லேபிள். 'கடுகு' என்று ஒட்டிய டப்பாவுக்குள் இருப்பது வெந்தயம் என்பது மனைவிக்கு மட்டும் தெரிந்த ரகசியம். போன மாதப் பருப்பு முன்வரிசையில், இந்த மாதப் பருப்பு பின்வரிசையில். துவரம்பருப்பு டப்பாவுக்குள் கால் கிலோ மட்டத்தில் ஒரு சிவப்பு அட்டை புதைத்து வைத்திருப்பார். அள்ள அள்ள அட்டை தலைகாட்டினால்தான் அடுத்த கிலோ வாங்க அனுமதி. அதுதான் கான்பன்.

இந்த அட்டைக்கு ஒரு பூர்வகதை உண்டு. டொயோட்டாவின் டாய்ச்சி ஓனோ இந்த யோசனையைப் பிடித்ததே அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டிலிருந்துதான். வாடிக்கையாளர் எடுத்த அளவுக்கு மட்டும் அலமாரியை நிரப்புகிறார்களே, கார் பாகத்தையும் அப்படியே நிரப்பினால் என்ன என்று யோசித்தவர், 1956-ல் அமெரிக்கா போய் நேரிலும் பார்த்துவிட்டு வந்தார். மளிகைக் கடையிலிருந்து ஃபேக்டரிக்குப் போன வித்தை, ஏறக்குறைய எழுபது வருஷம் உலகம் சுற்றிவிட்டு, மாத்தூரில் ஒரு பருப்பு டப்பாவுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. கேள்விப்பட்டிருந்தால் ஓனோ மகிழ்ந்திருப்பார். விடியற்காலை அவசரத்தில் பருப்போடு சேர்ந்து அந்த அட்டையும் குக்கரில் மூன்று விசில் வாங்கியதை மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம்.

வீட்டில் ஸ்டாக் வைப்பது பாவம் என்பது நம்மவர் கொள்கை. குட்டியானை வண்டி தெருவுக்குள் வந்து "தக்காளி நாலு கிலோ நூறு ரூபா" என்று மைக்கில் கூவும் வரைக்கும்தான் அந்தக் கொள்கை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்றதே, அன்றிலிருந்து அவருக்கு இந்தப் பலவீனம். எட்டு கிலோ வாங்கிவிடுவார். நாலாம் நாள் கூடையிலிருந்து வாசனை வரும். உடனே 'ஐந்து ஏன்' விசாரணை தொடங்கும்.

"தக்காளி ஏன் அழுகிச்சு?"

"அடியில கெடந்துச்சுங்க."

"ஏன் அடியில கெடந்துச்சு?"

"மேல இன்னும் நாலு கிலோ இருந்துச்சு."

"ஏன் இருந்துச்சு?"

"நீங்கதானே வாங்கிட்டு வந்தீங்க."

மீதி இரண்டு ஏன்களை அவர் கேட்கவில்லை. குற்றவாளி அகப்பட்ட பிறகு எதற்கு?

நியாயமாகச் சொன்னால் மனிதர் முழுக்கக் கோமாளி இல்லை. அவர் கணக்கில் விஷயம் இருக்கிறது. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசி இலவசம். கார்டுக்குத் துவரம்பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய், பாமாயில் ஒரு லிட்டர் 25 ரூபாய். எக்செல்லில் போட்டால் மூன்று வேளையும் சோறு தின்பதுதான் ஆகச் சிக்கனம். அப்படித்தான் தின்றார்கள். பிறகு கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. அலறியடித்துத் தேடியதில், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி கிடைத்தது. அதன்படி நாளொன்றுக்கு ஒரு ஆளுக்கு அரிசி, கோதுமை எல்லாம் சேர்த்தே 250 கிராம்தான். காய்கறி மட்டும் 400 கிராம். பருப்பு, முட்டை, கறி வகையில் 85 கிராம். சும்மா கிடைப்பதைக் குறைத்து, காசு கொடுத்து வாங்குவதைக் கூட்டு என்கிறது விஞ்ஞானம்! இரண்டு நாள் அவர் யாரோடும் பேசவில்லை. (சுங்குவார்சத்திரம் டீக்கடையில் தினமும் தின்கிற இரண்டு போண்டா இந்தக் கணக்கு எதிலும் வராது. அது அவுட்சோர்ஸிங்.)

மூன்றாம் நாள் விடை கிடைத்தது. ஹவுஸ் ஓனர் கொல்லையில் முருங்கை மரம்! பறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நாமக்கல் முட்டை இரண்டை உடைத்து ஊற்றிக் கிளறினால் இரும்பும் ஆச்சு, புரதமும் ஆச்சு. புதுத் தாள் தயாரானது. கீரைக்கு மெட்டீரியல் சைபர், டிரான்ஸ்போர்ட் சைபர், லேபர் சைபர்.

மனைவியும் செல்போன் கம்பெனி லைனில் நிற்கிறவர். தாளை வாங்கிப் பார்த்தார்.

"என்னங்க, லேபர் சைபர்னு போட்டிருக்கீங்க. கீரையை உருவுறது யாரு?"

"வீட்டு வேலைதானேம்மா."

"காலைல நாலு மணிலேர்ந்து கணக்குப் போடுங்க. ஷிஃப்ட் நேரத்துக்கு மேல போனா ஓ.டி. சட்டப்படி டபுள் சம்பளம்."

போட்டுப் பார்த்தார். ஓ.டி. சேர்த்தால் முருங்கைக்கீரை ஆட்டுக்கறியைத் தாண்டிப் போனது. இன்னொரு முறை கூட்டினார். இன்னும் கொஞ்சம் ஏறியது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் பேப்பரை விரித்து அவரே உட்கார்ந்து உருவுகிறார். மனைவி செல்போனில் ஸ்டாப்வாட்ச் போட்டிருக்கிறார். ஒரு கட்டுக்கு இருபது நிமிஷம் டார்கெட். எதிரே சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருக்கும் அம்மாதான் ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். கண்ணாடியை இறக்கிவிட்டு ஒரு கொத்தை எடுத்துப் பார்த்தார்; பேப்பரிலேயே திரும்பப் போட்டார்.

"காம்போட கெடக்குடா. மறுபடி உருவு."

"அது சின்னக் காம்பும்மா, டாலரன்ஸுக்குள்ளதான் இருக்கு."

"உன் தொண்டைல சிக்குனா தெரியும். உருவு."