தார்ப்பாய்க் காவலர்

மார்ச் கடைசியில், சகுரா என்னும் செர்ரி மரங்கள் பூத்துக் குலுங்கும் நாட்களில், டோக்கியோவின் உயெனோ பூங்காவில் காலை நடை போகிறவர்கள் அவரைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். கோட்டும் டையுமாக ஓர் இளைஞர். முப்பது பேர் படுத்துப் புரளக்கூடிய நீலத் தார்ப்பாயின் நட்டநடுவில், காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தனியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். தியானம் செய்கிறார் என்று கும்பிட்டுவிடாதீர்கள். அவர் அலுவலக வேலையில் இருக்கிறார். மாலையில் மேனேஜரும் மற்றவர்களும் பூப்பார்க்க, அதாவது பூவுக்கடியில் உட்கார்ந்து குடிக்க, வருவார்கள். அதுவரை அந்த இடம் பறிபோகாமல் காப்பது அவர் பொறுப்பு.

நம் ஊரில் பேருந்து ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டால் இடம் நமக்கு. அங்கே துண்டு மட்டும் செல்லாது, துண்டோடு ஆளும் இருந்தாக வேண்டும். ஆளில்லாத விரிப்பை அகற்றிவிடுவோம் என்று பல பூங்காக்களில் அறிவிப்பே உண்டு. அதனால்தான் இந்தப் பதவி. விசிட்டிங் கார்டில் அச்சடிக்க முடியாத பதவி.

இதற்கெல்லாம் மூல காரணம் மரம்தான். டோக்கியோவில் பெரும்பாலும் காணப்படுவது சோமெய் யோஷினோ என்ற வகை. ராணுவத் தலைவர்களான ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்தில் தோட்டக்காரர்கள் நிறைந்திருந்த சோமெய் கிராமத்திலிருந்து பரவியது. விதை போட்டு வளர்ப்பதில்லை, ஒட்டுக்கட்டியே பெருக்குகிறார்கள். ஆகவே ஊரிலுள்ள அந்த வகை மரம் அத்தனையும் மரபணுவில் ஒன்றே. ஒரே மரம் ஆயிரம் இடத்தில் நிற்பதுபோல, எல்லாம் ஒன்றாகப் பூக்கும், ஒரே வாரத்தில் ஒன்றாகக் கொட்டும். மா, பலா மாதிரி ஒன்று முந்தி ஒன்று பிந்திப் பூத்திருந்தால் கம்பெனிகளும் முறைவைத்து வந்து போயிருக்கும். இப்போதோ டோக்கியோவின் அத்தனை கம்பெனிக்கும் அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேண்டும்.

நம்மவரின் சாமான்களைப் பார்த்தாலே எத்தனையாவது வருடம் என்று சொல்லிவிடலாம். முதல் வருடக்காரர் தார்ப்பாயும் செல்போனும் கொண்டு வருவார். இரண்டாம் வருடக்காரர் அடியில் போட அட்டைப்பெட்டிகளையும், சட்டைக்குள் ஒட்டிக்கொள்ளும் சூட்டுப் பொட்டலங்களையும் சேர்த்துக் கொண்டு வருவார். பூவைப் பார்த்து வசந்தம் வந்துவிட்டது என்று மனசு நம்பினாலும் தரை நம்பாது. ஏப்ரல் தொடக்கத்தில்கூட டோக்கியோ இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்குவது சாதாரணம். மூன்று மணி நேரம் வெறும் தார்ப்பாயில் உட்கார்ந்தால் குளிர் முதுகெலும்பு வழியாக மாடி ஏறும்.

இடம் தேர்வதும் ஒரு கலை. சகுராவின் வேர்கள் மேலாகவே ஓடும். ஒரு புடைப்பு மேனேஜர் உட்காரும் இடத்தில் வந்துவிட்டால் அடுத்த சம்பள உயர்வு அதிலேயே இடறும். கழிப்பறை கிட்டே இருந்தால் நாற்றம், தள்ளியிருந்தால் நாலு கிளாஸுக்குப் பிறகு ஆபத்து. எல்லாம் கணக்குப் போட்டுப் பிடித்த இடத்தைச் சாயங்காலம் மேனேஜர் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “போன வருஷ இடம் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்தது, இல்லையா?” என்பார். போன வருஷமும் அதையேதான் சொன்னார்.

காலை எட்டு மணிவரை அவர் சாதுவான பிள்ளை. பத்து மணிக்குள் ஜமீன்தார் ஆகிவிடுவார். நடக்க வந்த பெரியவரின் கைத்தடி தார்ப்பாய் விளிம்பைத் தொட்டால் புருவம் நெரியும். பக்கத்தில் விரித்திருப்பது ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் காவலர் என்று வையுங்கள். இருவரும் எல்லையில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் விசிட்டிங் கார்டு பரிமாறிக்கொள்வார்கள். பிறகு தொடங்கும் பேச்சுவார்த்தை முழுக்க ஒரே ஒரு விஷயத்தைப் பற்றியது: கழிப்பறை. இவர் போகும்போது அவர் இரண்டு தார்ப்பாயையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர் போகும்போது இவர். வரிசையோ நீளம். பக்கத்துக் காவலர் நல்லவராக அமையாவிட்டால் அன்று காபி குடிக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

நடுவே சுற்றுலாப் பயணிகள் அவரையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். காகம் ஒன்று பென்டோ சாப்பாட்டு டப்பாவை நோட்டம் விடும். மூன்று மணிக்கு மேகம் திரண்டால் போனில் செய்தி வரும்: “மழை வரும்போல. உள்ளே கடையிலேயே பார்த்துக்கொள்வோம். நீங்கள் சுருட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.” ஒன்பது மணி நேரம் காத்த நாட்டை ஒரு வரியில் விட்டுக்கொடுக்கச் சொன்னால் எந்த மன்னன்தான் தாங்குவான்?

மன்னர்கள் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஜப்பானையே ஆண்ட ஹிதெயோஷி 1598-இல் கியோட்டோவின் தாய்கோஜி கோயிலில் ஒரு பூப்பார்க்கும் விழா நடத்தினார். அதற்காகச் சுமார் 700 சகுரா மரங்களைக் கொண்டுவந்து நட வைத்தார். மரத்தடியில் இடம் பிடிக்கவில்லை, மரங்களையே பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அதிகாரம் என்றால் அது. எடோ காலத்து உயெனோவிலோ ஷோகுன் குடும்பத்துக் கோயில் இருந்ததால் குடித்துக் கூத்தடிக்க வழியில்லை. எட்டாம் ஷோகுன் யோஷிமுனே 1720 வாக்கில் அசுகயாமா குன்றில் மரங்களை நட்டு, சாதாரண ஜனங்கள் ஆடிப்பாடிக் கொண்டாட வழி செய்தார். நம்மவர் சபிக்க நினைத்தால் அந்த நல்ல மனிதரிலிருந்து தொடங்கலாம்.

மழை வராத நாளில், ஆறு மணிக்குப் பொழுது சாய்ந்த பிறகு கூட்டம் வந்து சேரும். வறுத்த கோழியும் பீரும் பரப்பப்படும். முதல் கிளாஸுக்கு முன்னால் எல்லோரும் நிமிர்ந்து ஒரு முறை “ஆஹா” என்பார்கள். அதற்குப் பிறகு யார் கழுத்தும் நிமிராது. பேச்சு இடமாற்றல் உத்தரவுக்குப் போய்விடும். நம்மவர் தார்ப்பாயின் ஓரத்தில், பாதி உடம்பு புல்லில் இருக்க, மற்றவர்களுக்கு ஊற்றிக்கொண்டிருப்பார். இடத்தைப் பிடித்தவருக்கு மட்டும் இடம் இருக்காது.

வழக்கமாக இந்தப் பட்டம் ஒரே வருடத்துக்குத்தான். அங்கே அலுவலக ஆண்டும் பள்ளி ஆண்டும் ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்குகின்றன. அன்று புதியவர்கள் சேர்வார்கள், அந்த வாரமே தார்ப்பாய் கைமாறும். பூவும் ஆள்சேர்ப்பும் அப்படிக் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. இப்போது அந்தப் பொருத்தம் கெட்டுவருகிறது.

டோக்கியோவின் யாசுகுனி கோயில் வளாகத்தில் வானிலைத் துறையின் மாதிரி மரம் ஒன்று இருக்கிறது. அதில் ஐந்தாறு பூ விரிந்தால் டோக்கியோவில் சகுரா பூத்தது என்று அறிவிப்பார்கள். எண்பது சதவீதம் விரிந்தால் முழு மலர்ச்சி. 2020, 2021, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மார்ச் 14-லேயே பூத்து, மார்ச் 22-இல் முழுதாக மலர்ந்துவிட்டது. முதல் இரண்டு முறையும் கொரோனாவால் பூங்கா விருந்துக்கே இடமில்லை, அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. 2023-இல் உயெனோவில் விருந்து திரும்பியது. தார்ப்பாயைத் தூசு தட்டினால், புதியவர்கள் சேர இன்னும் பத்து நாள் இருக்கிறது! பொறுப்பு முடிந்தது என்று நிம்மதியாக இருந்த பழைய ஆளை மேனேஜர் கூப்பிட்டார்: “உங்களுக்குத்தான் அனுபவம் இருக்கிறதே.” புவி வெப்பமாவதால் துருவக் கரடிக்கு என்ன ஆகிறது என்று உலகமே கவலைப்படுகிறது. இந்த இரண்டாம் வருடக்காரரைப் பற்றி யாரும் ஓர் அறிக்கைகூட விடவில்லை. 2024-இல் மரத்துக்கே மனசு இளகி முழு மலர்ச்சியை ஏப்ரல் 4 வரை தள்ளிப்போட்டது. வேலைக்குச் சேர்ந்த நான்காம் நாளே ஒரு புதுப் பையன் அட்டைப்பெட்டி இல்லாமல் போய் உட்கார்ந்திருப்பான்.

மேலதிகாரி ஏவிய வேலை என்றால் அது வேலை நேரம்தானே, சம்பளம் எங்கே என்று கேட்கும் தலைமுறை வந்துவிட்டது. நியாயமான கேள்வி. காசு வாங்கிக்கொண்டு இடம் பிடித்துத் தரும் கூலிக் காவலர்களும் கிடைக்கிறார்கள். ஆனாலும் இந்த இனம் இன்னும் அற்றுப்போகவில்லை.

சகுரா காலத்தில் உயெனோ பக்கம் நடக்கப் போனால், நீலத் தார்ப்பாயில் தனியாக இருப்பவரிடம் “இந்த இடம் காலியா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதைக் காலையிலிருந்து நாற்பது பேர் கேட்டிருப்பார்கள். காலணியைக் கழற்றிவிட்டு ஓரமாகப் பத்து நிமிடம் உட்காருங்கள். கழிப்பறை இருக்கும் திசையைக் கைகாட்டி, போய்விட்டு வரச் சொல்லுங்கள்.