கம்பெனி வீடும் கன்ட்ரோல் டி-யும்

கோலார் தங்கவயல் என்கிற கேஜிஎஃப்பின் ராபர்ட்சன்பேட்டையில் கல்யாண போட்டோ எடுத்துப் பிழைக்கிறவனுக்கு வருஷத்தில் ஒரு வாரம் புரட்சிக்காரனாகும் யோகம் உண்டு. போட்டோஷாப் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டிய வாரம் அது. அந்த வாரம் எதிரில் வருகிறவரிடமெல்லாம் "மாறிடலாம்னு இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு திரிவேன். டீக்கடைக்காரர் ஒருமுறை கிளாஸைக் கழுவிக்கொண்டே, "எந்தக் கட்சிக்கு?" என்றார்.

கட்சி மாறுவது சுலபம். துண்டை மாற்றினால் போதும்.

போட்டோஷாப் 1990 பிப்ரவரியில் வந்தது. தாமஸ் நோல், ஜான் நோல் என்ற அண்ணன் தம்பி எழுதியது, அடோபி கம்பெனி விற்றது. அது அமெரிக்காக்காரன் வரலாறு. எங்கள் வரலாறு 2002-இல், 7.0 என்ற பதிப்போடு தொடங்குகிறது. பரு, தழும்பு, அம்மை வடு எல்லாவற்றையும் தடவினால் மறைக்கிற ஹீலிங் பிரஷ் அதில்தான் முதலில் வந்தது. அதற்கு முன் எங்கள் அப்பா நெகட்டிவை விளக்குப் பெட்டி மேல் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்துத்தான் மணமகளின் பருக்களைப் போக்கினார். ஒரு முகத்துக்கு ஒரு மத்தியானம் போய்விடும். 7.0 வந்ததும் அந்தப் பென்சிலால் மளிகைக் கணக்கு எழுத ஆரம்பித்தார். அந்த சிடி கடைக்கு எப்படி வந்தது, யார் கொடுத்தது, பில் எங்கே என்று எந்த ஸ்டூடியோக்காரரும் எந்த ஸ்டூடியோக்காரரையும் கேட்டதில்லை. நானும் இங்கே அந்த மரபை மீறப் போவதில்லை.

அப்போது கம்ப்யூட்டர் மெதுவாக ஓடும். போட்டோஷாப் திறப்பதற்குள், எழுதியவர்களின் பெயர்ப் பட்டியலை நிதானமாகப் படித்துவிடலாம். அதில் சீதாராமன் நாராயணன் என்று ஒரு பெயர் இருக்கும். உலகம் முழுக்க அந்தப் பெயருக்கு ரசிகர்கள் உண்டு. நாங்கள் ஒருபடி மேலே போய், "உள்ளே நம்மாளு ஒருத்தர் இருக்கார்" என்று தைரியமாக இருந்தோம். ஆபத்துக்கு அவர் வந்து காப்பாற்றுவார் என்று யார் சொன்னது என்று தெரியாது.

பிறகு கேமராக்கள் புதிதாக வந்தன. அவை எடுக்கும், பதப்படுத்தாத ரா ஃபைலை 7.0 திறக்காது. அடோபியோ 2013 மே மாதம், இனிமேல் பெட்டியில் போட்டு விற்பதில்லை, மாதாமாதம் கட்டு, பயன்படுத்து என்று அறிவித்துவிட்டது. முந்தின வருஷம் வந்த சிஎஸ்6-தான் காசு கொடுத்து சொந்தமாக வாங்கக்கூடிய கடைசி போட்டோஷாப். போட்டோக்களை அடுக்கி, வெளிச்சம் நிறம் சரிசெய்யும் லைட்ரூமும் அதே வழியில் போனது. அமெரிக்க விலையில் மாதம் 10 டாலருக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்த திட்டம் ஒன்று இருந்தது. 2025 ஜனவரியோடு புதிதாக வருபவர்களுக்கு அதையும் மூடிவிட்டார்கள்.

எங்கள் ஊர்க்காரனுக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் புதிதல்ல. தங்கச் சுரங்கத்தை நடத்திய ஜான் டெய்லர் கம்பெனி காலத்திலிருந்தே மைன்ஸில் வேலை இருக்கும்வரை லைன் வீடு உண்டு. தாத்தா சாம்பியன் ரீஃப் லைனில் இருந்தார், அப்பாவும் அங்கேதான் பிறந்தார். வீடு யாருடையது என்று கேட்டால் "கம்பெனியோடது" என்பார்கள். குடியிருக்கலாம், ஆனால் ஆணி அடிக்கக் கூடாது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். வீடு எங்கள் பெயருக்கு வருமா என்ற பேச்சு மட்டும் அதற்குப் பிறகு எத்தனையோ தேர்தல்களில் ஓட்டு வாங்கிவிட்டது. லைட்ரூம் சந்தாவை நிறுத்தினாலும் இதே கதைதான். படங்களைத் திறந்து பார்க்கலாம், எடுத்துக் கொடுக்கலாம், ஆனால் டெவலப் என்ற பகுதி வேலை செய்யாது. இருக்கலாம், ஆணி அடிக்கக் கூடாது. இதை எங்கள் அம்மாவிடம் சொன்னபோது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்ப காலி பண்ணிடு" என்றாள்.

காலி பண்ணி எங்கே போவது? முதலில் ஜிம்ப். அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் 1995-இல் ஆரம்பித்தது. முழுக்க இலவசம், யாரும் எப்போதும் காசு கேட்கப் போவதில்லை. இன்னொரு நல்ல குணமும் உண்டு: தமிழை ஒழுங்காக எழுதும். பழைய போட்டோஷாப்பில் யூனிகோட் தமிழை அடித்தால் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். அதனாலேயே யூனிகோட் அல்லாத பாமினி போன்ற எழுத்துருக்களைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளினோம். இந்த ஒரு காரணத்துக்காகவே ஜிம்ப்புக்கு ஒரு மாலை போடலாம்.

பிரச்சினை விரல்களில் இருக்கிறது. போட்டோஷாப்பில் கன்ட்ரோல் டி அழுத்தினால், தேர்ந்தெடுத்த பகுதியைச் சுற்றி ஓடும் கோடு போய்விடும். ஒரு நாளில் எத்தனை முறை அதை அழுத்துகிறேன் என்று எனக்கே தெரியாது, மூச்சு மாதிரி தானாக நடக்கும். ஜிம்ப்பில் அதே கன்ட்ரோல் டி-யை அழுத்தினால், மொத்தப் படத்துக்கும் இன்னொரு நகல் திறக்கும். மணமகளின் கம்மலை மட்டும் தேர்ந்தெடுத்துப் பளபளப்பாக்கிவிட்டு, வழக்கம்போல டி. கோடு போகவில்லையே என்று மறுபடியும் டி. இன்னும் போகவில்லையே என்று கொஞ்சம் கோபமாக டி. கடைப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, மாப்ள ஒருத்தர்தானே? பொண்ணு இத்தினி பேரா?" என்றான்.

அதோடு விடவில்லை. கன்ட்ரோல் எஸ் அழுத்தினால் ஜிம்ப் தன் சொந்த ஜாதியான எக்ஸ்.சி.எஃப். ஃபைலாகத்தான் சேமிக்கும். ஜேபெக் வேண்டுமானால் எக்ஸ்போர்ட் என்று தனியாகப் போக வேண்டும். பிரின்ட் போடும் லேபுக்கு அந்த எக்ஸ்.சி.எஃப்.-ஐ அனுப்பினேன். அங்கிருந்து போன் வந்தது: "சார், வைரஸ் அனுப்பிட்டீங்க."

ரா ஃபைலுக்கு டார்க்டேபிள் இருக்கிறது. அதுவும் இலவசம், 2009-இல் வந்தது, விண்டோஸுக்கு 2017 கடைசியில் எட்டிப் பார்த்தது. வேலையில் குறையே சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாப்பிள்ளையின் வேட்டியை வெள்ளையாக்க ஃபில்மிக், சிக்மாய்ட் என்று வளைகோட்டுக் கணக்கில் ஆரம்பிக்கிறார்கள். பத்தாவதில் கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் நான் ஜன்னல் வழியே சுரங்க ஷாஃப்ட்டின் சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கான வட்டியை இப்போது கட்டுகிறேன். லைட்ரூமில் செய்த திருத்தங்களில் வெட்டியது, வெளிச்சம் கூட்டியது மாதிரி சிலது டார்க்டேபிளுக்கு வரும். மற்றவை வழியிலேயே இறங்கிவிடும்.

அஃபினிட்டி என்று ஒன்று. கான்வா கம்பெனி 2024-இல் அதை வாங்கி, 2025 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டது. ஒரு கம்பெனி சும்மா கொடுக்கிறது என்றால் எங்கள் ஊரில் முதலில் கதவைச் சாத்துவார்கள். போட்டோபீ என்று பிரௌசரிலேயே ஓடுவது இன்னொன்று, பார்த்தால் போட்டோஷாப்பின் கூடப்பிறந்ததுபோல இருக்கும். விளம்பரம் வரும். தாலி கட்டும் படத்தை நான் திருத்திக்கொண்டிருக்க, பக்கத்தில் வரன் தேடித்தரும் விளம்பரம் வந்து நின்றது.

இவ்வளவு இருந்தும் ஏன் மாறவில்லை? காரணம் ரோஜாப்பூ. கல்யாண ஆல்பம் என்பது 12-க்கு 36 அங்குலத்தில் விரியும் பக்கங்கள். பக்கத்துக்குப் பக்கம் ரோஜா, தங்கச் சுருள், மேகம், இரண்டு அன்னம், நடுவே இதய வடிவத்தில் ஓட்டை. அந்த ஓட்டையில் மணமக்களை உட்கார வைக்க வேண்டும். எல்லாமே போட்டோஷாப்பின் பி.எஸ்.டி. ஃபைல்கள், டிவிடி டிவிடியாகச் சேர்த்தவை. ஜிம்ப்பில் திறந்தால் அதிலிருக்கும் எழுத்து எழுத்தாக வராமல் படமாக வந்து நிற்கிறது. எனவே கோலாரில் நடந்த கல்யாணத்தின் ஆல்பத்தில் ராஜ்கோட்டில் எப்போதோ கல்யாணம் செய்துகொண்ட யாரோ ஒரு ஜோடியின் பெயரை அழிக்க முடியாமல் தவிக்க வேண்டியதாகிறது.

இதில் கொடுமை என்னவென்றால், கைவேலை என்று மதிக்கத்தக்க வேலைக்கு எந்த சாஃப்ட்வேரும் போதும். ஆண்டர்சன்பேட்டையிலிருந்து ஒரு பாட்டி வந்தார். கையில் ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தவர்கள் ஷாஃப்ட்டின் முன்னால் நின்று எடுத்த குரூப் போட்டோ, ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. பின்வரிசையில் நகத்தளவு முகம் ஒன்று. அதுதான் அவர் வீட்டுக்காரர், வேறு படமே கிடையாது. ஹெல்மெட்டை எடுத்துவிட்டு, கோட்டு போட்டு, பேரன் கல்யாண மேடையில் ஓரமாக நிற்க வைக்க வேண்டுமாம்.

"ஹெல்மெட்டை எடுத்துடலாம் பாட்டி. உள்ளே முடி எப்படி இருந்துச்சு?"

"முடியா? கல்யாணத்தன்னிக்கே கிடையாதுப்பா."

புதிதாக வந்திருக்கும் ஏஐ ஒன்றிடம் முதலில் கொடுத்துப் பார்த்தேன். அது அவருக்கு நடுவகிடு எடுத்து, கன்னத்தைச் சிவப்பாக்கி, வெள்ளைக்கார மேனேஜராக்கித் திருப்பிக் கொடுத்தது. பாட்டி பார்த்துவிட்டு, "இவருகிட்டதானே எங்க வீட்டுக்காரர் லீவு கேட்டு நிப்பாரு" என்றார். பிறகு ஜிம்ப்பில் உட்கார்ந்து, நெற்றியின் தோலையே எடுத்து மேலே மேலே ஒட்டி, வழுக்கையை நானே கட்டினேன். காது ஓரத்தில் ஒட்டியிருந்த பக்கத்து ஆளின் மீசையைப் பிரித்தெடுக்கத்தான் ரொம்ப நேரமானது. அப்பாவின் பென்சில் செய்த அதே வேலை. சந்தா ஒரு பைசா இல்லை. பாட்டி படத்தைக் கையில் வாங்கி, வழுக்கையை விரலால் தடவிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தலையாட்டினார்.

மறுநாளே பெங்களூரில் வேலை பார்க்கும் பையன் ஒருவன். தினமும் மாரிகுப்பம் ரயிலில் போய்வருகிறவன். கல்யாணத்துக்கு முந்தைய படங்களை சயனைட் மலைமேல் எடுக்க வேண்டும் என்றான். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், வெளிறிய நிறம். வெயில் அதில் பட்டுக் கீழிருந்து முகத்தில் அடிக்கும், ரிஃப்ளெக்டரே வேண்டாம். படங்கள் பிரமாதமாக வந்தன. பார்த்துவிட்டு முகம் சுருங்கினான். "அண்ணா, கேஜிஎஃப் மாதிரி இல்லையே?" அந்தப் பெயரில் 2018-இல் வந்த சினிமாவில் எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கம்போல இருட்டாக இருக்கும். அந்த டோன் வேண்டும் அவனுக்கு. செல்போனில் அந்த டோனைத் தரும் ஒரு பிரீசெட்டும் வைத்திருந்தான், லைட்ரூமுக்கென்றே செய்த பிரீசெட். கேஜிஎஃப்பில் பிறந்து, கேஜிஎஃப்பில் நின்று எடுத்த படத்தை கேஜிஎஃப் மாதிரி ஆக்க நான் மாதாமாதம் கலிஃபோர்னியாவுக்குப் பணம் கட்ட வேண்டும்.

மாறினால் கல்யாணம் இல்லாத மாதத்தில் மாற வேண்டும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக்கள் வைக்க மாட்டார்கள், தவக்காலத்தில் கத்தோலிக்கர்கள் வைக்க மாட்டார்கள். ஆனால் இந்த ஊரில் பௌத்த முறைத் திருமணங்களும் நிறைய. அவர்களுக்கு நாள், நட்சத்திரம், ராகுகாலம் எதுவும் கிடையாது. அம்பேத்கர் விடுதலை செய்த பன்னிரண்டு மாதங்களில் ஸ்டூடியோக்காரனுக்கு மட்டும் லீவு கிடைக்கவில்லை.

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தேன். ரா ஃபைல் எல்லாம் டார்க்டேபிள், பழைய போட்டோ சரிசெய்வது ஜிம்ப், ஆல்பத்துக்கு மட்டும் போட்டோஷாப். கடைப் பையன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அதுக்கும் அதே சந்தாதானேண்ணா? லைட்ரூம் அதோட சேர்ந்துதானே வருது? இன்னா மிச்சம்?" என்றான். பி.காம். படித்தவனை வேலைக்கு வைத்தால் இப்படித்தான்.

"பேசாம அந்தக் காசை எனக்குச் சம்பளத்துல ஏத்திக் குடுங்க. ஆல்பத்துக்கு ரோஜாப்பூவை நானே புதுசா வரையறேன்" என்றான்.

"ஏழு நாள் ட்ரயல் வச்சுப் பார்க்கலாம்" என்றேன்.

"சரிண்ணா. ட்ரயல் முடிஞ்சாலும் கடைக்கு வருவேன். வேலைதான் செய்ய மாட்டேன்."