விருந்து வைத்தே கொன்ற கதை

1693ஆம் வருஷம், செயின்ட் ஜார்ஜ் கோட்டை. கிழக்கிந்தியக் கம்பெனி டாக்டர் சாமுவேல் பிரவுன், கவர்னர் கவுன்சில் உறுப்பினர் ஜேம்ஸ் வீலருக்கு முத்துப்பொடி மருந்து கொடுத்தார். அதை இடித்த கல்வத்தில் அதற்கு முன்னால் ஆர்சனிக் இடித்திருந்தார்கள். கழுவத்தான் யாருக்கும் தோன்றவில்லை. வீலர் போய்ச் சேர்ந்தார். கொன்றது நான்தான் என்று டாக்டரே கவர்னருக்குக் கடிதம் எழுதிவிட்டார். இன்னொரு கம்பெனி டாக்டரான எட்வர்ட் பல்க்லி பிணத்தை அறுத்துப் பார்த்தார். ஜூரிகள் கூடி, வழக்கு நடத்த முகாந்திரம் இல்லை என்று பிரவுனை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மனிதர்கள் விஷயத்தில் கைராசி இல்லாத இந்த ஆளுக்குச் செடிகள் விஷயத்தில் அபாரமான கை. சென்னைப் பட்டணத்தைச் சுற்றிக் கண்ணில் பட்டதையெல்லாம் பறித்து, காயவைத்து, தமிழ்ப் பெயரையும் கேட்டு எழுதி, லண்டனில் மருந்துக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் பெட்டிவருக்குக் கப்பலேற்றினார். ராயல் சொசைட்டி அதை அச்சிலேயே போட்டது. பெயர் சொன்ன நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு நன்றி கார்டுகூட வரவில்லை.

அந்தக் காலத்தில் லண்டனில் காய்ந்த செடிக்கு அத்தனை கிராக்கி. 1696இல் லியோனார்ட் பிளக்நெட் என்பவர், இந்தியாவிலிருந்து வந்த ஒரு நீர்ச்செடியைப் பார்த்து, ஏதோ இந்தியச் சதுப்புப்பாசி என்ற பொருளில் லத்தீனில் எழுதிவைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். அது பாசியா? வேரே இல்லாமல், தலைப்பக்கம் வளர்ந்துகொண்டும் வால்பக்கம் அழுகிக்கொண்டும் மிதக்கும் செடி. தண்டைச் சுற்றி வட்டம் வட்டமாக இலைகள். ஒவ்வோர் இலை நுனியிலும் எள்ளைவிடச் சற்றுப் பெரிய இரட்டை மடல். மடலுக்குள் நிற்கும் மெல்லிய மயிரை நீர்ப்பூச்சி உரசினால் போதும், நாம் ஒரு தடவை கண் சிமிட்டி முடிப்பதற்குள் மடல் மூடி, பூச்சியின் கதையும் முடிந்திருக்கும்.

பிறகு 1747இல் இத்தாலியின் பொலோனியாவில் மோன்டி என்பவர் அதே செடியைத் தன் ஊர்ச் சதுப்பில் கண்டு, தன் ஊர்ப் பெரிய மனிதர் அல்ட்ரோவாண்டியின் பெயரைச் சூட்டினார். 1753இல் லின்னேயஸ் அதை எடுத்து எழுதும்போது ஓர் எழுத்தை விழுங்கிவிட்டார். ரேஷன் கார்டில் விழுந்த பிழை மாதிரி, ‘அல்ட்ரோவாண்டா’ என்பதே நிரந்தரமாகிவிட்டது.

உலகத்துச் செடிக்கெல்லாம் பெயர் வைத்த அந்த லின்னேயஸிடம், 1769இல் ஜான் எல்லிஸ் என்ற ஆங்கிலேயர் அமெரிக்காவில் ஒரு செடி ஈயைப் பிடித்துத் தின்கிறது என்று எழுதினார். செடியாவது, ஈயைத் தின்பதாவது! ஏதோ கூச்சத்தில் மூடிக்கொள்கிறது, அப்புறம் திறந்து விட்டுவிடும் என்பது பெரியவரின் தீர்ப்பு. ஈயிடம் யாரும் வாக்குமூலம் வாங்கவில்லை.

இந்தப் பஞ்சாயத்தைத் தீர்க்க டார்வின் வரவேண்டியிருந்தது. 1860 கோடையில் இங்கிலாந்தின் ஒரு புதர்வெளியில் டிரோசெராவைப் பார்த்தார். நம் ஊர் ஈர மணலிலும் முளைக்கிற அழுகண்ணியின் சாதிதான் அது. அந்தச் செடிக்கு மாட்டுக்கறி, முட்டை வெள்ளைக்கரு, பால், எச்சில், சிறுநீர் என்று வகைவகையாகப் பந்தி வைத்தார். சிறுநீர் யாருடையது என்று கேட்கக் கூடாது. கடைசியில் அம்மோனியா உப்புகளில் வந்து நின்றார். அம்மோனியம் பாஸ்பேட், ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக உள்ளே போனாலே இலையின் முடி வளைந்து கொடுத்தது. விஷயம் பிடிபட்டது: செடிக்குப் பூச்சிமேல் பகையும் இல்லை, ருசியும் இல்லை. நைட்ரஜனும் பாஸ்பரஸும் இல்லாத தரித்திரத் தரையில், தரித்திரத் தண்ணீரில் பிழைக்கிறது. வயிற்றுப்பாட்டுக்குக் கொலை.

1875இல் புத்தகம் வந்தது. அதில் யூட்ரிகுலேரியா என்ற நீர்ச்செடியின் பைக்குள் பூச்சி தானே தலையை முட்டி நுழைகிறது என்று எழுதியிருந்தார். நியூ ஜெர்சியில் மேரி ட்ரீட் என்ற பெண்மணி நுண்ணோக்கியில் உட்கார்ந்து பார்த்து, பூச்சி நுழையவில்லை, பைதான் அதை உள்ளே இழுக்கிறது என்று கண்டார். டார்வின் மறுக்காமல் ஒப்புக்கொண்டார். அந்தக் காலத்து அறிவாளிகளில் இது அபூர்வ குணம்.

செடி தின்கிறதா என்று தீர்மானிக்க நூறு வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள், அது செத்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்க்க மறந்தார்கள். அல்ட்ரோவாண்டா ஒரு காலத்தில் உலகத்தில் 380 இடங்கள்போலப் பதிவாகியிருந்தது. பின்னர் கணக்கெடுத்தபோது உறுதியாக மிஞ்சியவை ஐம்பதுபோலத்தான். சதுப்பைத் தூர்த்தது ஒரு காரணம். இன்னொன்று, வயலில் போட்ட உரமும் ஊர்ச் சாக்கடையும் ஓடிவந்து குளத்தில் விருந்து வைத்தது. பந்தி விரித்தால் முதலில் உட்காருவது பாசியும் ஆகாயத்தாமரையும். அவை கொழுத்து வெளிச்சத்தை மறைத்தால், பட்டினியில் பழகிய செடி அடியில் கிடந்து சாகும்.

அவ்வப்போது நல்ல செய்தியும் வரும். 1986க்குப் பிறகு இந்தியாவில் யாரும் எடுத்திராத யூட்ரிகுலேரியா பர்செல்லாட்டாவை, 2021இல் உத்தராகண்டின் மண்டல் பள்ளத்தாக்கில் வனத்துறை ஆராய்ச்சிப் பிரிவினர் மறுபடி கண்டார்கள். மேகாலயாவின் பாக்மாராவில் பூச்சி தின்னும் குடுவைச்செடிக்கென்றே ஒரு சின்ன சரணாலயம் இருக்கிறது. அல்ட்ரோவாண்டாவோ, ஆர்வக்கோளாறு பிடித்தவர்கள் கொண்டுபோய் விட்டதில் அமெரிக்கக் குளங்களில் சௌக்கியமாகப் பெருகுகிறது. சொந்த ஊரில் இடமில்லாதவன் பாஸ்போர்ட் எடுத்துவிட்டான்.

வடசென்னையில் எங்கள் எர்ணாவூர்ப் பக்கம் அம்மோனியாவுக்கு யாரும் பூச்சி பிடிக்க வேண்டியதில்லை. கப்பலில் வந்து, கடலடிக் குழாயில் உரத் தொழிற்சாலைக்குப் போகும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி அந்தக் குழாய் கசிந்தபோது, எண்ணூர்ப் பெரியகுப்பத்து ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். டார்வின் சொட்டுச் சொட்டாக ஊட்டியதை எங்களுக்கு மொத்தமாகப் பரிமாறிவிட்டார்கள்.

இந்த மாதிரிச் செடிகளைக் காப்பாற்ற முதல் வேலை, அவை இருக்கிற தண்ணீரில் எதையும் ஊற்றாமல் இருப்பது. உரம் வேண்டாம், சாக்கடை வேண்டாம், சாம்பல் வேண்டாம். பைசா செலவில்லாத திட்டம். ஊற்றாமல் இருப்பதற்கு டெண்டர் விட முடியாதே, அதுதான் இந்தத் திட்டத்தில் இருக்கிற ஒரே கோளாறு.