சிஸ்டம் துரை அவர்களின் சமூகத்திற்கு

பெறுநர்: உயர்திரு சிஸ்டம் அவர்கள், முகப்புக்குப் பின்னால், எல்லா அலுவலகங்களும், மலேசியா.

அனுப்புநர்: சுவா வட்டாரத்து முன்னாள் தோட்டக் குடும்பம் ஒன்று, போர்ட்டிக்சன் மாவட்டம், நெகிரி செம்பிலான்.

பொருள்: அம்மாவின் பெருவிரலும் சில சில்லறை விஷயங்களும்.

மதிப்புக்குரிய துரை அவர்களே,

தங்களைத் துரை என்று அழைக்கக் காரணம் இருக்கிறது. தாத்தா காலத்தில் தோட்டத்தில் எதைக் கேட்டாலும் கங்காணி, கிராணியைக் கேட்கணும் என்பார். கிராணி, துரையைக் கேட்கணும் என்பார். துரை மேட்டு பங்களாவில் இருப்பார். இப்போது முகப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைக் கேட்டால் சிஸ்டத்தில் இல்லை என்கிறது. அதன் மேலதிகாரியைக் கேட்டால் சிஸ்டம் விடமாட்டேன் என்கிறது என்கிறார். வரிசையின் கடைசியில் தாங்கள்தான் இருக்கிறீர்கள். அந்தத் துரையாவது காலையில் நிரைக்கு வந்து நாலு பேரைத் திட்டிவிட்டுப் போவார். தாங்கள் வெளியே வருவதே இல்லை. படுத்துக்கொள்வது மட்டும் ஊருக்கே தெரிகிறது. கதவில் 'சிஸ்டம் டவுன்' என்று ஒரு தாள் ஒட்டிவிட்டால் முடிந்தது. எப்போது எழுந்திருப்பீர்கள் என்று கேட்பதுகூட மரியாதைக் குறைவு. துரைக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் இங்கே காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நடந்தது என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

முதலில் பெயர் விஷயம். எங்கள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் அரசாங்கமே ஒரு சாய்கோடு போட்டுக் கொடுத்திருக்கிறது: ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி. நாங்கள் கேட்டு வாங்கியதல்ல. தங்கள் இணையப் படிவத்தில் 'ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ளபடியே பெயரை எழுதவும்' என்று சிவப்பில் ஒரு வரி வருகிறது. உள்ளபடியே எழுதினால், 'சிறப்புக் குறியீடுகளுக்கு அனுமதி இல்லை' என்று அதைவிடச் சிவப்பாக இன்னொரு வரி. சாய்கோட்டை எடுத்துவிட்டால் பெயர் ஐசியோடு பொருந்தவில்லை. ஒருவழியாக அடுத்த பக்கத்துக்குப் போனால் அங்கே பாஸ்வேர்ட் கேட்கிறீர்கள்: பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, கட்டாயம் சிறப்புக் குறியீடு ஒன்று. அப்பன் பெயருக்கு முன்னால் வைத்தால் குற்றம், பாஸ்வேர்டில் வைக்காவிட்டால் குற்றம். ஆகவே அப்பாவின் பெயரையே சாய்கோட்டோடு பாஸ்வேர்டாக வைத்துவிட்டேன். தாங்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டீர்கள். இதை வெளியில் சொல்லிவிட வேண்டாம்.

அப்பாவின் பெயரை அந்தக் காலத்துக் கிராணி, பிள்ளைகளான எங்கள் மூன்று பேருடைய பிறப்புப் பத்திரத்திலும் மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் எழுதி வைத்தார். அதனால் தங்கள் கணக்கில் எங்களுக்கு மூன்று அப்பாக்கள். ஏகபத்தினி விரதராக வாழ்ந்த அம்மனிதரின் மானத்தைக் காப்பாற்ற, நாங்கள் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் நின்று உறுதிமொழி கொடுத்து, முத்திரை வாங்கி வரவேண்டியிருந்தது.

ஊர் விஷயமும் அப்படித்தான். படிவத்தில் ஊரைப் பட்டியலில் இருந்துதான் பொறுக்க வேண்டும். பட்டியலில் சுவா இல்லை. லுக்குட்டுக்கும் சுங்கை பீலேக்குக்கும் இடைப்பட்ட பூமியில் மனிதர்கள் இருப்பதைத் தாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை போலிருக்கிறது. ஆனால் உலகத்துக்கு எங்கள் பக்கத்தைத் தெரியும், துரை. 1998, 99-இல் புக்கிட் பெலாண்டோக் பன்றிப் பண்ணைகளில் பரவி நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொன்ற வைரஸுக்கு இங்கே இருக்கும் சுங்கை நிப்பா கம்பத்தின் பெயரைத்தான் வைத்தார்கள். கேரளாவில் இன்றைக்கு நிப்பா என்றால் குழந்தைக்கும் தெரியும். தங்கள் பட்டியலில் இடம் பிடிக்க நாங்களும் ஏதாவது நோயைத் தொடங்கி வைக்க வேண்டுமா என்று தெரிவிக்கவும்.

இனி அம்மாவின் பெருவிரல்.

மைகார்ட் என்ற இந்தச் சிப் வைத்த ஐசி 2001 செப்டம்பரில் வந்தது. அதன் சிப்புக்குள் இரண்டு பெருவிரல் ரேகையும் இருக்கின்றன. 1948-இல் அவசரகாலத்தில் வெள்ளைக்காரன் கொடுத்த காகித அட்டையிலும் படத்தோடு ரேகை இருந்தது. அதற்கும் முன்னால் எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா சம்பள நாளில் செக்ரோலில் மை தொட்டு அதே பெருவிரலைத்தான் வைத்தார். இன்னும் பின்னால் போனால் 1858: வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, சாலை போடச் சரக்குக் கொடுக்க வந்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் முழு உள்ளங்கையை ஒப்பந்தத் தாளில் பதியவைத்தார். விஞ்ஞானம் ஒன்றும் இல்லை; பின்னால் 'இது என் கையெழுத்து இல்லை' என்று பேச்சு மாறக்கூடாது என்ற பயமுறுத்தல்தான். 1897-இல் உலகின் முதல் கைரேகைக் கூடத்தையும் கல்கத்தாவில்தான் திறந்தார்கள். ஆக, துரையின் சந்தேகமும் கூலியின் கையும் தலைமுறைகளாகச் சேர்ந்தே பயணம் செய்பவை. தாங்கள் அந்த வம்சம் என்பதால்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஒரு முகப்பில் அம்மா தன் சொந்தப் பணத்துக்கு விரல் வைக்க வேண்டியிருந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. எல்லாவற்றிலும் தாங்களே நிறைந்திருப்பதால் தங்களுக்குத் தெரியும். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் நல்ல பிள்ளை. "ஆன்ட்டி, தெக்கான் குவாட் சிக்கிட்" என்றது. அம்மா அழுத்தினார். கருவியில் வெளிச்சம் ஓடியது, திரையில் சிவப்பு. ஈரத்தாளால் துடைக்கச் சொன்னது. துடைத்தார். விரல் காய்ந்துவிட்டது, நெற்றியில் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கோடு வையுங்கள் என்றது. தேய்த்ததில் திருநீறு வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்க இன்னொரு ஈரத்தாள். பிறகு இடது பெருவிரல். அதுவும் அதே தோட்டத்தில் அதே சம்பளத்துக்கு உழைத்த விரல்தானே?

"நான்தாண்டா இதுன்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லு" என்றார் அம்மா. சொன்னேன். அது ஐசிப் படத்தைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. தான் நம்புவதாகவும் சிஸ்டம்தான் நம்பவில்லை என்றும் மலாயில் சொன்னது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் தங்கள் பெருவிரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

ரேகை எங்கே போயிற்று என்று தாங்கள் கேட்டால், கொஞ்சம் இங்கேதான், இந்த மண்ணில்தான். இருட்டோடு ரப்பர் மர நிரைக்குப் போய், வெட்டுக் கோட்டில் முதல் நாள் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நகத்தாலும் பெருவிரலாலும் இழுத்து உரிக்க வேண்டும். அப்புறம்தான் உளி. பால் பிடிக்கும் மங்கில் உறைந்ததை அதே விரலால் வழிக்க வேண்டும். ஸ்டோரில் ஆசிட் வாடை. பால்மரத்தை அழித்துச் செம்பனை வைத்தபிறகு, முள்ளுக்கு நடுவே உதிர்ந்த பழம் பொறுக்கியது. அம்மா விரலை ஒருநாள் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கோடு எதுவும் இல்லை. உளிக்கைப்பிடி உட்கார்ந்த இடம் மட்டும் பளபளவென்று இருந்தது.

வேலையால்தான் என்றில்லை. புற்றுநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு ரேகை அழிந்துபோன 62 வயதுச் சிங்கப்பூர்க்காரரை அமெரிக்க விமான நிலையத்தில் நாலு மணிநேரம் உட்காரவைத்த கதையை 2009-இல் மருத்துவ இதழிலேயே எழுதினார்கள். இந்திய ரேஷன் கடைகளிலும் வயதானவர்களின் விரலைக் கருவி மறுத்த கதைகள் நிறைய. ஆக, தங்கள் உறவினர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

விரல் படியாவிட்டால் மாற்று வழி உண்டு என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். அதைப் பாராட்டவே வேண்டும். 'விண்ணப்பதாரரின் ரேகையைக் கருவியால் படிக்க இயலவில்லை' என்று மேலே அச்சிட்டிருந்தது. கீழே கையெழுத்துக்கு ஒரு கட்டம். பக்கத்தில் இன்னொரு கட்டம்: கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெருவிரல் ரேகை வைக்கவும். அம்மா கையில் மை தடவி வைத்தார். கறுப்பாக ஒரு முட்டை விழுந்தது. அதை மேலதிகாரி ஏற்றுக்கொண்டு முத்திரை குத்தினார். கருவிக்குத் தெரியாத ரேகை அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. பணம் வந்தால் சரி.

சிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஆகஸ்ட் 31-இல் 18 வயது நிரம்பிய குடிமக்கள் எல்லாருடைய ஐசியிலும் அரசாங்கம் 100 வெள்ளி போட்டது. செப்டம்பர் 30 முதல் பெட்ரோலையும் ஐசியைச் செருகி லிட்டர் 1 வெள்ளி 99 காசுக்கு வாங்கலாம் என்றது. இரண்டும் நல்ல காரியங்கள். குறை சொன்னால் வாய் வெந்துபோகும். சிப் பழசானால் மட்டும் அது வெறும் பிளாஸ்டிக். அதற்கு எங்கள் பக்கத்தில் வைத்தியம் இருக்கிறது: பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிரப்பரை வாங்கிச் சிப்பை நாலு தேய் தேய்த்தால் படிக்கும். நாற்பது வருடம் ரப்பருக்கு உழைத்ததற்கு ஒரு பலன் கிடைக்காமல் போகவில்லை.

குடியுரிமை கிடைக்காத சிவப்பு ஐசிக்காரர்களின் கதையை இதில் எழுதவில்லை. இங்கேயே பிறந்து இங்கேயே கிழவியானவர்களுக்கு அந்த 1 வெள்ளி 99 காசு கிடையாது. ஆனால் அது தங்கள் கோளாறல்ல; தங்களுக்கு முன்பிருந்த துரைகளின் கைவேலை. அதற்கு வேறு மனு, வேறு தாள்.

அம்மாவுக்கு அடுத்த விரல் வைக்கும் நாளை ஆப்பில் முன்பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஆப்பைத் திறக்க, பாஸ்வேர்ட் போதாதாம், பெருவிரல் வைக்க வேண்டுமாம். ஆகவே அம்மாவின் விரலை ஒருமுறை நேரில் வந்து பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் எழுந்திருக்கும் நாளாகப் பார்த்து வரவும்.

இப்படிக்கு,
தங்கள் கணக்கில் மூன்று அப்பாக்களில் ஒருவருடைய மகன்.

பி.கு.: பதிலை ஆறு இலக்க எண்ணாகப் போனுக்கு அனுப்ப வேண்டாம். அம்மாவின் எண் அண்ணன் பெயரில் ஜொகூரில் இருக்கிறது. அவர் வேலைக்குச் சிங்கப்பூர் போகும்போது அதை அணைத்துவிடுவார். மூன்று நிமிடத்தில் எண் காலாவதியாகிவிடும். தபாலில் அனுப்பவும். தபால்காரருக்கு அம்மாவைத் தெரியும்; அவர் எதையும் வைக்கச் சொல்வதில்லை.